சிரட்டை பஸ்ஸும் சாவி மோட்டாரும்

இனிமேல் என் வீட்டில் தேங்காய்ச் சிரட்டை என்பது அடுப்பெரிக்க மட்டுமே பயன்பட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தீர்மானம் நிறைவேற்றினேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அப்போது அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

என் பெயர் பூதலிங்கம். நாகர்கோவிலில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எதிர்க்கட்சி வக்கீலை மடக்குவதற்கு வேண்டிய பாயிண்டுகளையெல்லாம் எங்கள் வக்கீலுக்கு எடுத்துக் கொடுப்பவன் நான்தான். இந்த விஷயம் எங்கள் வக்கீலுக்கு இன்னும் தெரியாது. சாயங்காலம் பூதப்பாண்டி பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை நான் புலி. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தப் புலியையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். உள்ளே என் மனைவி அழகியநாயகி இருக்கிறாள்.

அவளை நான் 'ஏட்டி' என்று அதட்டிக் கூப்பிடுவதுண்டு. ஆனால் அவள் கிணற்றடியில், தண்ணீர் இறைக்கும் சத்தத்தில் இருக்கும்போது மட்டும்.

தீர்மானத்துக்குக் காரணம் என் மைத்துனர் கணபதியப்பன். அழகியநாயகியின் அண்ணன். அஞ்சுகிராமத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். சிரிப்பதற்கும் வரி உண்டு என்று யாரோ அவரிடம் சின்ன வயதிலேயே சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தவரை என் மகள் மீனாட்சி வரவேற்று, ஒரு சிரட்டை நிறையச் சூடான புட்டு வைத்துக் கொடுத்தாள். புட்டு ஈர மண்ணில் செய்தது. தொட்டுக்கொள்ள முருங்கைப் பூ.

மைத்துனர் புட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்பிளே, பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் வாங்கிக் குடுக்கக்கூட வகையில்லாமப் போச்சா?"

"அப்படியில்லை அத்தான்..."

"அஞ்சுகிராமத்துல இப்பம் எல்லாப் பிள்ளையளும் கடையில வாங்கின சாமானை வச்சுத்தான் விளையாடுது. காலம் மாறிப்போச்சு, கேட்டேரா?"

கேட்டேன். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ஊரில் காலம் மாறிவிட்டதாம், என் ஊரில் மாறவில்லையாம்! அடுத்த முறை அந்த மனிதர் வரும்போது அவர் வாயைப் பிளக்கும்படி செய்யாவிட்டால் நான் குமாஸ்தா இல்லை.

மீனாட்சிக்கு வயது ஆறு. கிணற்றுக்கு மேற்கே, பூவரசு மரத்தடியில் அவளுக்கு ஒரு ராஜ்யம் இருந்தது. அந்த ராஜ்யத்தின் முக்கியமான சொத்து ஒரு சிரட்டை பஸ். பஸ்ஸில் போகிறவர்கள் புளியங்கொட்டைகள். ஒவ்வொன்றுக்கும் பெயர், ஊர், போகிற காரியம் எல்லாம் உண்டு. ஒரு புளியங்கொட்டை புதுக்கடைச் சந்தைக்குப் போகும். ஒன்று மகளைப் பார்க்கப் போகும். இன்னொன்றுக்குத் தீராத வயிற்றுவலி. தினமும் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வரும். ஒருநாள்கூட அதற்குக் குணமானதில்லை. குணமாகிவிட்டால் மறுநாள் பஸ் எதற்கு?

சாயங்காலம் நான் வரும்போது மீனாட்சி நடை வாசலிலேயே கையை நீட்டி மறிப்பாள். "டிக்கெட் எடுக்காம உள்ள ஏறப்பிடாது." நான் இல்லாத காசைக் கொடுப்பேன். அவள் ஒரு பூவரசு இலையைக் கிழித்துக் கொடுத்து, மிச்சச் சில்லறை இல்லை என்று சண்டை பிடிப்பாள். இதெல்லாம் ஒரு விளையாட்டா? மைத்துனர் பார்த்தால் என்ன நினைப்பார்?

நாகர்கோவிலில் அப்போதுதான் ஒரு விளையாட்டுச் சாமான் கடை திறந்திருந்தார்கள். முகப்பு முழுவதும் கண்ணாடி. உள்ளே ஞானதாசன் என்ற விற்பனையாளர், என்னைக் கண்டதும் பந்தியில் சம்பந்தியைக் கண்டதுபோல எழுந்து வந்தார்.

"பிள்ளைக்கா சார்? வாங்க. இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு என்ன வேணும் சார்?"

"நீரே சொல்லும்."

"அறிவு வேணும். அறிவு எங்க சார் இருக்கு?"

நான் தலையைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடி அலமாரியைக் காட்டினார். அதில் ஒரு மோட்டார் கார் நின்றது. செக்கச் சிவந்த சீமைத் தகரம். உள்ளே மீசை வைத்த ஒரு தகர டிரைவர். பக்கத்தில் சின்னதாக ஒரு சாவி.

"பிள்ளை சும்மா இருந்து யோசிச்சா மூளை தேஞ்சு போகும் சார். இந்த மோட்டார் இருக்கே, பிள்ளைக்கு யோசிக்கியதுக்கு இடமே குடுக்காது!"

"நிஜமாகவா?"

"கேரண்டி சார்."

வாங்கிவிட்டேன். விலை என்ன என்று எழுதப்போவதில்லை. அழகியநாயகி இதைப் படிக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். சாவியைக் கொடுத்துத் தரையில் விட்டேன். 'கிர்ர்ர்' என்று கிளம்பிச் சுவரில் முட்டி, முட்டிய இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. நான் மனைவியைப் பெருமையோடு பார்த்தேன்.

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றாள் அழகியநாயகி. "இது என்ன செய்யும்?"

"ஓடும்."

"பொறவு?"

"நிக்கும்."

"பொறவு?"

"பொறவு சாவி குடுக்கணும்."

"சாவி குடுத்தா?"

"மறுபடியும் ஓடும்."

"சாவி குடுக்கல்லன்னா?"

"அப்படியே நிக்கும்."

"இதுக்கு எதுக்கு வீண்செலவு? அப்படி ஒண்ணு இந்த வீட்டுல ஏற்கெனவே உண்டே," என்றாள்.

அது யார் என்று நான் கேட்கவில்லை. குறுக்கு விசாரணையில் விடை தெரியாத கேள்வியைக் கேட்கக்கூடாது, விடை தெரிந்த சில கேள்விகளையும் கேட்கக்கூடாது. தொழில் ரகசியம்.

மறுநாளிலிருந்து சட்டம் அமலுக்கு வந்தது. மோட்டாரின் இடம் அலமாரி. அலமாரியின் பூட்டு என் பொறுப்பு. மோட்டாரின் சாவி என் அரைஞாணில். கோர்ட்டுக்குப் போனாலும் அது என்னோடேயே வரும். சாயங்காலம் நான் வந்து காப்பி குடித்து முடித்ததும் மீனாட்சியும், பக்கத்து வீட்டுத் தாணுலிங்கத்தின் பிள்ளைகளும் வரிசையாகக் கைகட்டி உட்கார வேண்டும். நான் சாவி கொடுப்பேன். மோட்டார் ஓடும். அவர்கள் பார்க்க வேண்டும். தொடப்பிடாது.

முதல் நாள் எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்த நாள் மீனாட்சி கேட்டாள்:

"அப்பா, இது எங்க போகுது?"

"எங்கயும் போகல்ல மக்கா. ஓடுது."

"எங்கயும் போகாம எதுக்கு ஓடணும்?"

"மோட்டார்னா ஓடும்."

"டிரைவருக்க பேரு என்ன?"

"அவனுக்குப் பேரு கிடையாது. தகரம்."

"சோறு தின்னாச்சா?"

"தகரம் சோறு திங்காது!"

மீனாட்சி அந்த டிரைவரை மிகுந்த இரக்கத்தோடு பார்த்தாள். பிறகு என்னையும் அதே மாதிரி பார்த்தாள். தாணுலிங்கத்தின் கடைசிப் பிள்ளை உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டது.

இதற்கெல்லாம் காரணம் அந்தச் சிரட்டைதான் என்று எனக்குப் பட்டது. சீமைச் சரக்குக்கு உள்ளூர்ச் சரக்கு போட்டி. போட்டியை ஒழித்தால்தான் வியாபாரம். "அந்தச் சிரட்டையும் புளியங்கொட்டையும் இனி இந்த வீட்டு வளைவுக்குள்ள இருக்கப்பிடாது. எல்லாத்தையும் அள்ளி அடுப்புல போடு," என்று அழகியநாயகியிடம் சொன்னேன். ஒரு மகாயுத்தத்துக்குத் தயாராக நின்றுகொண்டுதான் சொன்னேன். சமஸ்தானமெல்லாம் போய்த் திருவிதாங்கூர்–கொச்சி வந்து, எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேருவதா, எல்லையை எங்கே பிரிப்பது என்று ஊரே கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டு எல்லைத் தகராறு கிணற்றுக்கு மேற்கே.

அழகியநாயகி ஒரே வார்த்தை சொன்னாள்.

"சரி."

அவள் உடனே 'சரி' என்றால் என்னைப்போன்ற அனுபவசாலி உடனே உஷாராக வேண்டும். நான் ஆகவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து அன்று இரண்டு தடவை மோர் வாங்கிக் குடித்தேன்.

பூவரசு மரத்தடி துப்புரவாகிவிட்டது. பெருக்கிய அடையாளம் மட்டும் மண்ணில் இருந்தது. மறுநாள் சாயங்காலம் நான் வந்தபோது வாசலில் யாரும் மறிக்கவில்லை. டிக்கெட் கேட்கவில்லை. மீனாட்சி தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சமர்த்தாக, சுத்தமான கையோடு, சுத்தமான பாவாடையோடு, ஒன்றும் பேசாமல் இருந்தாள். "மோட்டார் பாக்கலாமா மக்கா?" என்றேன். "பாக்கலாம்," என்று கையைக் கட்டிக்கொண்டாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனது கஷ்டமாகப் போய்விட்டது. பூவரசு இலை இல்லாமல் சொந்த வீட்டுக்குள் நுழைவது இவ்வளவு சப்பென்று இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஆனாலும் தீர்மானம் தீர்மானம்தான். எங்கள் தெரு முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைத்துனர் வரப்போகிறார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வந்தார். கொடை நடந்தது. வில்லுப்பாட்டு, மேளம், சாமியாட்டம், படைப்புச் சோறு என்று யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. மோட்டாரைக் காட்டுவதற்கு அது சமயமும் இல்லை. கொடை முடிந்த மறுநாள் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது மைத்துனரிடம் சொன்னேன்: "அத்தான், சாயங்காலம் எங்கயும் போயிராதேங்கோ. ஒண்ணு காட்டணும்." அரைஞாணில் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால் வீட்டில் ஆளில்லை. பின்பக்கமிருந்து 'டொம் டொம்' என்று சத்தம். போய்ப் பார்த்தேன். பூவரசு மரத்தடியில் இன்னொரு கொடை நடந்துகொண்டிருந்தது.

என் முருங்கைக்காய் பறிக்கும் கம்பு வளைந்து வில்லாகியிருந்தது. தாணுலிங்கத்தின் மூத்த பிள்ளை புலவராக உட்கார்ந்து பாட, அடுத்தது என் ஓலை விசிறியால் ஒரு குடத்தின் வாயில் அடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் டின் மேளம். இன்னொரு பிள்ளை பிடித்திருந்த சாமி குடை எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. காலையில் அவசரத்தில் நான் மறந்து வைத்துவிட்டுப் போன என் குடை! நடுவில், நெற்றி நிறையக் குழைத்துப் பூசிய மஞ்சணையும் கையில் வேப்பிலையுமாக ஆடிக்கொண்டிருந்தாள் மீனாட்சி. பத்து நாளாகத் தூணில் சாய்ந்துகிடந்த பிள்ளையா இது? கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

பெரியவர்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாணுலிங்கம், அவர் மனைவி, என் மைத்துனர். முன்வரிசையில் கைகூப்பியபடி அழகியநாயகி.

"தாயே!" என்றாள் அழகியநாயகி. "எனக்க பிள்ளை கொஞ்ச நாளா சிரிக்கமாட்டேங்கு, விளையாடமாட்டேங்கு. இந்த வீட்டுல என்ன குறைன்னு நீதான் சொல்லணும்."

வில்லு வேகமாயிற்று. டின் அதிர்ந்தது. சாமி சுழன்று வந்து என் முன்னால் நின்றது.

"ஏலே பூதலிங்கம்!"

இதுவரை என் மகள் என்னை அப்பா என்றுதான் கூப்பிட்டு வந்தாள். ஏதாவது அதட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் நாஞ்சில் நாட்டில் பிறந்தவன் கை அவனிடம் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லை. வில்லுச் சத்தமும், மஞ்சணை வாசமும், 'ஏலே' என்று ஒரு அதட்டலும் சேர்ந்தால் போதும். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை என் கை உருவிவிட்டது. இடுப்பில் சுற்றிக் கட்டிவிட்டது. இரண்டு கையும் தாமாகவே கூப்பிக்கொண்டன. அதட்டத் திறந்த வாய், "தாயே!" என்றது.

"எனக்க வாகனத்தை எங்கலே பூட்டி வச்சிருக்க?"

"அலமாரியில தாயே..."

"ஏம்லே பூட்டினே?"

"பிள்ளையள் தொட்டா கெட்டுப் போயிரும்னு..."

"தொடாம வாகனத்துல எப்படிலே ஏறுவேன்? சாவி எங்க?"

"அரைஞாண்ல தாயே."

"தா!"

தந்துவிட்டேன். அவிழ்க்க வரவில்லை, அறுத்தே தந்தேன்.

"எனக்க சிரட்டை எங்கலே?"

"அதை... அடுப்புல..."

"போடல்ல தாயே," என்றாள் அழகியநாயகி பணிவாக. "விறகுப்புரையில பத்திரமா எடுத்து வச்சிருக்கேன். புளியங்கொட்டையும் உண்டு."

"வயித்துவலிக்காரன் நெய்யூருக்குப் போகாம கெடந்து துடிக்கான். இனி எனக்க இடத்துல கைவைப்பியாலே?"

"வைக்கமாட்டேன் தாயே!"

"சத்தியமா?"

"சத்தியமா!"

சாமி என் நெற்றியில் மஞ்சணையை அப்பிவிட்டுத் திரும்பிப் போயிற்று. அப்போதுதான் தாணுலிங்கத்தின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்தேன். எனக்குச் சுயநினைவு வந்தது. துவர்த்தை அவிழ்த்து உதறினேன்.

"இது செல்லாது! மைனர் பிள்ளை விளையாட்டுக்குக் கேட்டதுக்குக் குடுத்த வாக்கு, சட்டப்படி செல்லாது!"

என் மைத்துனர் முன்னால் வந்தார். அவர் துவர்த்தும் இடுப்பில்தான் இருந்தது. அவர் இன்னும் அவிழ்க்கவில்லை.

"மாப்பிளே, சட்டமெல்லாம் நாகர்கோவில்ல வச்சுக்கிடும். இஞ்ச வில்லடிச்சு, மஞ்சணை பூசி, நீரே துவர்த்தை இடுப்புல கெட்டிச் சத்தியமும் பண்ணியாச்சு. விளையாட்டுன்னாலும் வாக்கு வாக்குதான். மாறினா குடும்பத்துக்கு ஆகாது."

"ஆகாது," என்று தாணுலிங்கமும் ஆமோதித்தார். மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

அலமாரி திறந்தது. யாருடைய வாயைப் பிளக்க அந்த மோட்டாரை வாங்கினேனோ அவரே அதை எடுத்துக்கொண்டுபோய் மண்ணில் வைத்துக் கும்பிட்டார். சற்று நேரத்தில் சக்கரத்தில் மணல் புகுந்து, உள்ளே சுருள் கம்பி 'டங்' என்று அறுந்தது. என் நெஞ்சும் கூடவே அறுந்தது. ஆனால் பிள்ளைகள் அதைக் கவனிக்கவே இல்லை. கயிறு கட்டி இழுத்தார்கள். தகர டிரைவருக்கு முத்துநாயகம் அண்ணாச்சி என்று பெயர் வைத்து, பூவரசு இலையில் சோறு கட்டிக் கொடுத்தார்கள். சிரட்டை பஸ்ஸில் இடமில்லாத புளியங்கொட்டைகள் மோட்டாரில் ஏறிக்கொண்டன. எங்கேயும் போகாமல் சுவரில் முட்டிக்கொண்டிருந்த வண்டி அன்று புதுக்கடைச் சந்தைக்குப் போயிற்று, நெய்யூருக்குப் போயிற்று, கடைசியில் சென்னைப் பட்டணத்துக்கே போயிற்று. எங்கள் வட்டாரத்திலிருந்து எல்லாருக்கும் முன்னால் தமிழ்நாட்டோடு இணைந்தது அந்த மோட்டார்தான்.

நான் அழகியநாயகியைத் தனியாகப் பிடித்தேன்.

"நீதானே அவளுக்குச் சொல்லிக் குடுத்தே?"

"சாமிக்க காரியத்துல நான் தலையிடமாட்டேன். மனசிலாச்சா?"

மனசிலாயிற்று. நன்றாகவே மனசிலாயிற்று. சாமிக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க முடியும். அப்படியென்றால் அந்த வேலையில் என்னை மிஞ்ச யார்? சாட்சிகளுக்குச் சொல்லிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான்!

மறுநாள் நாகர்கோவிலிலிருந்து ஒரு பொட்டலம் கடலை மிட்டாயோடு சீக்கிரமே வந்து, மீனாட்சியைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"மக்கா, இன்னைக்கும் சாமி வருமா?"

"வரும். மாமா ஊருக்குப் போகதுக்கு முன்ன ஒரு கொடை உண்டு."

"சாமி இன்னைக்கு அம்மாவை அதட்டணும். 'புருஷன் சொன்னா எதிர்த்துப் பேசப்பிடாது, அவர் சொன்னபடி கேக்கணும்'னு சொல்லணும். என்ன?"

"நான் எப்படிச் சொல்லுவேன்? சாமியில்லா சொல்லும்."

"சாமிட்ட நீ சொல்லு."

மீனாட்சி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்தாள். "இது எனக்கா, சாமிக்கா?"

"சாமிக்கு," என்றேன். எவ்வளவு சாமர்த்தியமான பதில் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அன்று கொடைக்குக் கூட்டம் அதிகம். நேற்று வராதவர்கள் எல்லாரும் இன்று வந்திருந்தார்கள். மைத்துனர் ஊருக்குக் கிளம்பத் தயாராகத் தோல்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். வில்லு முழங்கிற்று. சாமி வந்தது. நேராக அழகியநாயகி முன்னால் போய் நின்றது.

"ஏட்டி அழகியநாயகி!"

அடடா! கிணற்றடிச் சத்தத்துக்கு மறைவாக இத்தனை வருஷமாக நான் சொல்லிவந்த வார்த்தையை, ஊர் கேட்க, தொண்டை கிழிய! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அழகியநாயகி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கைகூப்பினாள்.

"சொல்லு தாயே!"

"பூதலிங்கம் எனக்கு மிட்டாய் தந்தான்."

டின் நின்றது. குடம் நின்றது. தாணுலிங்கத்தின் மனைவி முந்தானையைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எதுக்குத் தாயே?" என்றாள் அழகியநாயகி.

"ஒன்னை அதட்டச் சொல்லித் தந்தான். கிணத்தடியில வச்சுத் தந்தான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பூவரசு மரத்தைப் பார்த்தேன். ஆனாலும் தொழில் புத்தி விடவில்லை. எதிர்க்கட்சிச் சாட்சியைக் கலைத்துவிட்டால் நான் தப்பலாம்.

"தாயே! அப்படின்னா நேத்து அவ ஒனக்கு என்ன தந்தா? அதையும் சொல்லு!"

"அவ ஒண்ணும் தரல்ல. எனக்க சிரட்டையை எரிக்காம எடுத்து வச்சிருந்தா. விறகுப்புரையில இருந்ததை நான் அன்னைக்கே பாத்தாச்சு."

கூட்டத்தில் ஒருவர் 'சரியான வாக்கு' என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"சாமிக்குக் கைக்கூலி குடுக்கலாமாட்டி?"

"குடுக்கப்பிடாது தாயே," என்றாள் அழகியநாயகி. குரலில் பக்தி வழிந்தது. "அறியாம செஞ்சிட்டாரு. ஏதாவது சின்னத் தண்டனையாக் குடு. எனக்க அண்ணனும் நேரத்தோட ஊருக்குப் போகணும். நீ இன்னும் ஊர்வலம் போகல்ல. ஒனக்க மோட்டாருக்குச் சுருளும் போச்சு. வாகனத்துக்கு என்ன செய்வ தாயே?"

சாமி என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தது. ஞானதாசன் கடையில் நான் மோட்டாரைப் பார்த்ததுபோலவே பார்த்தது.

"ஏலே பூதலிங்கம், குனி!"

கை இம்முறையும் என்னைக் கேட்கவில்லை. துவர்த்து இடுப்புக்குப் போயிற்று. முதுகு வளைந்தது. சாமி ஏறி உட்கார்ந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. என் குடையை எனக்கே பிடித்தார்கள். வயிற்றுவலிக்காரப் புளியங்கொட்டையை மட்டும் யாரோ என் சட்டைப் பையில் ஏற்றினார்கள். முத்துநாயகம் அண்ணாச்சி ஓட்டும் மோட்டார் கயிற்றில் இழுபட்டுப் பின்னால் வந்தது. கிணற்றைச் சுற்றி ஊர்வலம் புறப்பட்டது.

வெட்கத்தில் முதலில் தலை நிமிரவில்லை. ஆனால் முதுகிலிருந்து அந்தச் சிரிப்பு கேட்டது. சாமி சிரித்ததா, மகள் சிரித்தாளா, எனக்குத் தெரியாது. பத்து நாளாக நான் தேடிய சிரிப்பு அது. "நெய்யூர் போகுமா?" என்று காதில் கேட்டது. "போகும் மக்கா, ஏறிக்கோ," என்றேன். சுற்றச் சுற்ற வெட்கம் எங்கோ போய்விட்டது. வளைவில் திரும்பும்போது யாரோ 'பாம் பாம்' என்று ஹாரன் அடித்தார்கள். பார்த்தால் அது என் வாய். ஆஸ்பத்திரி வந்ததும் மூச்சு வாங்க நின்றேன். "டிக்கெட்!" என்று என் காதில் ஒரு பூவரசு இலையைச் செருகினாள் மகள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வியர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

"இன்னொரு சுத்து!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். நானும் கிளம்பினேன்.

மைத்துனர் தோல்பையை மறந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து சிரிப்பு வரி கட்டாத மனிதர், அன்று முதல் தவணையாகத் தங்கையைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"அழகு, பிள்ளையளுக்கு இப்படி ஒரு விளையாட்டுச் சாமானை எங்க அஞ்சுகிராமத்துல எந்தக் கடையிலயும் நான் பாத்ததில்லட்டி."

"கடையில எப்படிண்ணா கிடைக்கும்?" என்றாள் அழகியநாயகி. "இது நம்ம அப்பா சீதனம் குடுத்து வாங்கினதாக்கும். பாத்தேளா, சாவிகூட வேண்டாம்!"